மூணாவது துளையின் மேல் பதினோரு மீட்டர்

ஆறின டீயைத் திருப்பி அனுப்பற எங்க தங்கவேல் அண்ணாவுக்கு,

கோகிலா எழுதறேனுங்ணா. நல்லா இருக்கீங்களான்னு கேக்கலாமா கூடாதான்னு தெரியல. கேட்டுட்டேன், உட்டுருங்க.

நம்ம போர்வெல் ரிக் ஓனருங்க சங்கத்து மலர்ல உங்க முதல் வருச நினைவுக்கு அரைப்பக்கம் ஒதுக்கியிருக்காங்க. போட்டோவும் நாலு வரியும் போதும்னாங்க. "பாசமிகு, பண்புமிகுன்னு நாங்களே போட்டுக்கறமுங்க அம்மணி"ன்னார் மலரைப் பாத்துக்கறவர். எனக்கு நாலு பக்கம் வேணும்னு சண்டை போட்டு வாங்கியிருக்கேன். நீங்க போன பிறகு உங்க பேர்ல ஒரு பழி விழுந்தது. கடல் வேலையில தங்கவேலு சோம்பேறித்தனம் பண்ணிட்டாருன்னு பெருந்துறையில இருந்து பொள்ளாச்சி வரைக்கும் ரிக் வச்சிருக்கற அத்தனை பேருக்கும் தெரியும். அந்தப் பழி உங்களுது இல்ல, என்னுது. நாலு பேர் காதுல விழுந்ததை நாலு பேர் கண்ணு பாக்கற எடத்துலதான் எடுக்கணும். அதுக்குத்தான் இந்தக் கடுதாசி.

முதல்ல ஊர்ச் சேதி சொல்லிடறேன். நீங்க போக வர திட்டிக்கிட்டே இருந்த அவிநாசி ரோட்டு மேம்பாலம் தொறந்தாச்சுங்ணா. கோபி ஷெட்டுல ரெண்டு ரிக்கும் நல்லா ஓடுது. கம்ப்ரசர் மட்டும் ஒருக்கா படுத்துக்கிச்சு, நம்ம டிரில்லர் பாலு சரி பண்ணிட்டார். ஷெட்டை இப்ப பாத்துக்கறது சரசு அண்ணிதான். உங்க நாற்காலியில உக்கார மாட்டேங்கறாங்க, பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டுக்கிட்டு அங்கிருந்தே எல்லாரையும் விரட்டறாங்க. உங்களை விட எச்சா விரட்டறாங்க.

இனி விசயத்துக்கு வாரேன்.

போன வருசம் மாசியில தெக்குக் கடல்ல அந்தச் சாயில் டெஸ்ட் வேலை வந்ததே. பல்லடம் பக்கம் நிக்கற மாதிரி கரண்டுக் காத்தாடிகளைக் கடலுக்குள்ள நடலாம்னு ஒரு கம்பெனி ரோசனை பண்ணி, அதுக்கு முன்னால காத்து அளக்க ஒரு உயரமான கம்பமும் அடியில ஆள் நின்னு வேலை செய்யற மேடையும் வைக்கறதா இருந்தாங்க. கடலடி மண்ணைத் துளைச்சு எடுக்கற வேலை உங்களுக்கு. அந்த மண்ணை வச்சு, அஸ்திவாரம் நிக்குமா, நெலநடுக்கம் வந்தா மேடை எவ்வளவு ஆடும்னு கணக்குப் போடற வேலை எனக்கு. ஒரே குடும்பத்துல ரெண்டு வேலைன்னு ஊரே பெருமையாப் பேசுச்சு.

நீங்க கடலுக்குப் போனதே ஒரு கூத்துதான். வேட்டி மேல லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கிட்டு நின்ன போட்டோ இன்னும் என் போன்ல இருக்கு. கோபி வாய்க்காலைத் தவிர வேற தண்ணியில எறங்காத மனுசன் நீங்க. நாலு கால் ஊனி நிக்கற பார்ஜ் மேல ரிக்கை ஏத்திக்கிட்டு, ரெண்டு நாள் வாந்தி எடுத்துட்டு, மூணாம் நாள் "பரவால்ல அம்மணி, லாரி மேல நிக்கற மாதிரித்தான் இருக்குது"ன்னு போன் பண்ணுனீங்க. கூட வந்த பாலு, உங்ககிட்ட இருபது வருசமா டிரில்லரா இருந்தவர், இன்னிக்கும் அந்த வாந்தியைச் சொல்லிச் சிரிப்பார்.

அஞ்சு துளை போடணும். முதல் ரெண்டும் சுளுவா முடிஞ்சுது. மூணாவது துளையிலதான் எல்லாமே.

அன்னிக்குச் சனிக்கிழமை, காலையில பதினோரு மணி இருக்கும். நான் ஆர்.எஸ்.புரத்துல பட்டுப்புடவைக் கடையில இருந்தேன். எங்க ஊட்டுக்காரரோட அக்கா பொண்ணுக்கு முகூர்த்தப் பட்டு எடுக்கற வேலை. முன்னால இருபது சேலை பிரிச்சுக் கெடக்குது, சுத்தி எட்டுப் பொம்பளைங்க, ஆளுக்கொரு ரோசனை. அப்பத்தான் நீங்க கூப்பிட்டீங்க.

"அம்மணி, இந்த மூணாவது எடம் என்னமோ சரியில்ல. பார்ஜோட கால் நாலும் நிக்காம எறங்கிக்கிட்டே போச்சு. மேல பதினோரு மீட்டரும் வெறும் சேறு. ட்யூப்பைப் போட்டு மண்ணை எடுத்தா வாயில நிக்க மாட்டேங்குது, மேல வர்றதுக்குள்ள நழுவி உழுந்துபோடுது. அரை நாள் டைம் வாங்கிக் குடு, வேற மாதிரிப் புடிச்சுப் பாக்கறேன்."

நான் என்ன சொன்னேன்? ஒரு வார்த்தை மாறாம எழுதறேன். "உடுங்ணா, சேறுதானே. அதுக்கெதுக்கு அரை நாளு? கேசிங் பைப்பை எறக்கிட்டுப் பாறைக்குப் போங்க. மேல இருக்கறதுக்கு ரெண்டாவது துளையோட நம்பரையே நான் போட்டுக்கறேன்."

"போட்டுக்கலாமா அம்மணி? ரெண்டாவதுல களி கெட்டியா இருந்துதே."

"எல்லாம் ஒரே கடல்தானுங்ணா."

எல்லாம் ஒரே கடல்தானாம்! பேச்சைப் பாருங்க. இப்ப நெனச்சா என் வாயிலேயே ரெண்டு போடணும் போல இருக்கு. போனை வச்சுட்டு, அரக்குக் கலர் எடுக்கறதா மாம்பழ மஞ்சள் எடுக்கறதான்னு இன்னும் ஒரு மணி நேரம் நின்னேன். சேலைக் கரைக்கு ஒரு மணி நேரம், கடலடிக்கு ரெண்டு நிமிசம்.

வெளியூர்க்காரங்களுக்கு இது புரியாது, படிக்கற நம்மாளுங்களுக்குப் புரியும். நம்ம பக்கம் போர் போடறப்ப மேமண்ணை யாராவது கணக்குல எடுத்திருக்கமா? பத்தடியோ இருபதடியோ, பாறை தட்டுற வரைக்கும் கேசிங் எறக்கி மூடிருவோம். தண்ணி பாறையிடுக்குலதான் வரும், அதனால பாறை தட்டின பிறகுதான் வேலையே ஆரம்பம். மேல இருந்தது செம்மண்ணா, ஓடைமண்ணான்னு எழுதறதுக்கு எந்த ரிக்காரரும் பேனா எடுத்ததில்ல. நான் படிச்சது என்னவோ பெரிய படிப்புதான். ஆனா பொறந்தது ரிக் ஷெட்டுல. பாறைதான் பலம், மேல இருக்கறதெல்லாம் குப்பைங்கறது படிப்புக்கு முன்னாலயே எனக்குள்ள ஏறிப்போச்சு. அஸ்திவாரத்துக்கு அது ஓரளவு சரி. தூணைப் பாறையில ஊனிட்டா மேடை கீழ எறங்காது. நெலநடுக்கத்துக்கு அது சுத்தத் தப்பு.

ஒருக்கா நீங்களே கேட்டீங்க, ஞாபகம் இருக்கா? பொங்கலுக்கு வந்தப்ப. "நடுக்கம் பாறையில இருந்துதானே வருது, அப்பறம் சேறு எப்படி இருந்தா என்ன? அதும் மேல அத்தனை தண்ணி அமுக்கிக்கிட்டு இருக்குதே"ன்னு. நான் சிரிச்சுட்டு, "அதெல்லாம் பெரிய கணக்குங்ணா"ன்னு மழுப்பிட்டேன். அப்பவே ஒழுங்கா உக்காந்து பதில் சொல்லியிருந்தா, எனக்கே ஒறச்சிருக்கும். இப்பச் சொல்றேன், கேளுங்க.

தயிர் உறை ஊத்தின போசி ஒண்ணை மேசை மேல வச்சு, மேசையைத் தட்டிப் பாருங்க. போசி ஆடறது கண்ணுக்கே தெரியாது. உள்ளே தயிர் தளும்பும், மெதுவா, பெருசா. பாறைதான் மேசை, சேறுதான் தயிர். பாறைக்குள்ள நடுக்கம் வேகமா ஓடி வரும். இளகின மண்ணுக்குள்ள நுழைஞ்சதும் அதோட வேகம் குறையும், வேகம் குறைஞ்ச எடத்துல ஆட்டத்தோட அளவு பெருசாகும். சேறு எவ்வளவு ஆழம், எவ்வளவு இளக்கம்ங்கறதைப் பொறுத்து அதுக்குன்னு ஒரு சொந்தத் தாளம் இருக்கு. பாறையில இருந்து வர்ற நூறு விதமான ஆட்டத்துல, தன் தாளத்துக்கு ஒத்து வர்றதை மட்டும் அது பிடிச்சுப் பெருசாக்கும்.

தண்ணி அமுக்காதான்னு கேட்டீங்க. தண்ணி மண்ணுக்கு மேல மட்டும் இல்லீங்ணா, மண்ணுக்குள்ளயும் அதே தண்ணிதான். அதனால எத்தனை ஆழம் தண்ணி நின்னாலும் சேறு அதுனால கெட்டியாகறது இல்ல. பக்கவாட்டுல ஆடறதைப் பிடிச்சு நிறுத்தவும் தண்ணிக்குக் கை கிடையாது. மேலயும் கீழயும் குதிக்கற ஆட்டத்தைத்தான் அது கொஞ்சம் மாத்தும். நம்ம காட்டு மண்ணு வருசா வருசம் வெயில்ல காஞ்சு, இறுகி, டிராக்டர் ஏறி கெட்டிப்பட்டது. கடலடிச் சேறு வெயிலையே பாத்ததில்ல. படிஞ்சது படிஞ்சபடி கெடக்கும். அதுனாலதான் கரையில ஒரு எடத்துல அளந்த நடுக்கத்தை அப்படியே தூக்கிட்டுப் போய்க் கடலுக்குள்ள வைக்கக் கூடாது. நான் வச்சேன்.

இன்னொண்ணும் உண்டு. சேறு எப்பவும் ஆட்டத்தைக் கூட்டும்னும் சொல்ல முடியாது. குலுக்கல் ரொம்பப் பலமா இருந்தா சேறு இன்னும் இளகிப்போகும். வெடுக் வெடுக்குன்னு வர்ற சின்ன ஆட்டத்தை மேல கடத்தறதுக்கு அதுக்குத் தெம்பு இருக்காது, அதை முழுங்கிரும். ஆனா மெதுவான பெரிய ஆட்டம் நிக்கும், இன்னும் மெதுவாகும். ஒரு கெட்டிக் கட்டடத்துக்கு அது நல்லதாக்கூட இருக்கலாம். நம்ம கம்பம் உயரமானது, தானே மெதுவா ஆடற சாதி. தூரி கட்டி ஆடறப்ப சரியான நேரத்துல பின்னால இருந்து ஒரு தள்ளு தள்ளுனா எப்படி உயரப் போகும்? அதுதான் அங்க நடக்கும். மேடையில அப்ப ரெண்டு பேர் ஸ்பேனரோட நின்னுக்கிட்டு இருந்தா, அவங்க கதி?

அந்த ரெண்டு பேரை நான் நெனைக்கவே இல்ல. ரெண்டாவது துளையோட கெட்டிக் களி நம்பரைப் போட்டேன், ஆட்டம் சின்னதா வந்துது, கையெழுத்துப் போட்டு ரிப்போர்ட்டை அனுப்பிட்டேன். அதுக்கப்பறம் ஆடி மாசம் மதுக்கரை ரோட்டுல அந்த பேக்கரி வாசல்ல டீயைக் கையில வச்சுக்கிட்டு நீங்க நெஞ்சைப் புடிச்சீங்க. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.

உங்க காரியமெல்லாம் முடிஞ்சு ரெண்டு மாசத்துல, என் ரிப்போர்ட்டைச் சரிபாக்கற அம்மா ஒருத்தங்க வீடியோ மீட்டிங் கூப்பிட்டாங்க. வடக்கத்திக்காரங்க, வயசானவங்க, கண்ணாடிக்கு மேல பாக்கற ஆள். பக்கத்தைப் பொரட்டிக்கிட்டே வந்தவங்க மூணாவது துளையில நின்னாங்க. "மேல பதினோரு மீட்டருக்கு மண் மாதிரியே இல்லையே, இந்த நம்பர் எங்கிருந்து வந்துது?"ன்னு கேட்டாங்க. கம்பெனி ஆளுங்க ஏழெட்டுப் பேர் திரையில வரிசையா என்னையே பாக்கறாங்க.

நீங்க எழுதின லாக் ஷீட்டைத் திரையில காட்டுனேன். உங்க கையெழுத்துல "மேமண், சேறு, 11 மீ, கேசிங்"னு ஒரே வரி. நான் சொன்னேன்: "டிரில்லிங் பண்ணுனவர் மண் மாதிரி எடுக்காம விட்டுட்டாருங்க. அவரு இப்ப உயிரோட இல்லீங்க."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்ல பாருங்க. நீங்க எடுக்கல, நெசம். உயிரோட இல்ல, அதுவும் நெசம். ரெண்டு நெசத்தை வச்சு ஒரு முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுட்டேன். எல்லாரும் ஒரு நிமிசம் தலையைக் குனிஞ்சாங்க. ஒருத்தர் தமிழ்லயே சொன்னார், "ஆனைக்கும் அடி சறுக்கும் மேடம், விடுங்க." டிரில்லர் தரப்புத் தவறுன்னு மீட்டிங் குறிப்புல எழுதிக்கிட்டாங்க. நானும் தலையாட்டுனேன்.

உங்க லாக் ஷீட்டைப் பத்தி இதைப் படிக்கறவங்களுக்குச் சொல்லணும். ஆழம், மண்ணு, நேரம், கருவி எல்லாத்துக்கும் கட்டம் எல்லார் ஷீட்டுலயும் இருக்கும். உங்க ஷீட்டுல மட்டும் கடைசியா ஒரு கட்டம் உண்டு, தமிழ்ல அச்சடிச்சிருக்கும்: "யார் சொல்லி". எப்பவோ ஒரு ஆபீஸ்காரர் "இது வேண்டாம், விட்டுட்டுப் போ"ன்னு சொல்லிட்டுப் பின்னால கையை விரிச்சுட்டாராம். அதுல இருந்து, எதையாவது விட்டா, குறைச்சா, மாத்துனா, சொன்னவர் பேரை அந்தக் கட்டத்துல எழுதாம நீங்க அடுத்த ராடை மாட்ட மாட்டீங்க. எத்தனை இஞ்சினியருங்க அதுக்காக உங்ககிட்ட எரிஞ்சு விழுந்திருக்காங்க! "பேரு போட பயமா இருந்தா, சொல்றதுக்கும் பயப்படோணுமுங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே எழுதிருவீங்க.

மூணாவது துளை ஷீட்டுல அந்தக் கட்டம் காலியா இருந்தது. மீட்டிங்ல அதைப் பாத்தேன். பாத்துட்டுத்தான் வாயைத் தொறந்தேன். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

ஒரு மாசத்துல அண்ணிக்கு மெயில் வந்தது. கம்பெனியோட அங்கீகாரப் பட்டியல்ல இருந்து உங்க ரிக் பேரை எடுத்துட்டாங்க, மீதி வேலைக்கு வேற ஆள் பாத்துக்கறாங்களாம். அண்ணி என்னைக் கூப்பிட்டாங்க. அழுகல. "ஏன் அம்மணி, உங்கண்ணன் எடுக்க வேண்டியதை எடுக்காம உட்டுப்போட்டு வர்ற ஆளா?"ன்னாங்க. நான் "தெரியலீங்க அண்ணி, கடல் வேலை புதுசில்ல"ன்னேன். அந்தப் பதிலுக்கு அப்பறம் ரெண்டு நாள் சோறு எறங்கல. அப்பவும் உண்மையைச் சொல்லல. கையெழுத்து என்னுது, லைசென்ஸ் என்னுது, பத்து வருசமா ஆர்.எஸ்.புரத்துல மாட்டியிருக்கற போர்டு என்னுது. பயந்துட்டேங்ணா, வேற ஒண்ணும் இல்ல.

என்னை அசைச்சது பாலு. ஒரு நாள் மத்தியானம் ஆபீசுக்கு வந்தார். உக்காரச் சொன்னா உக்காரல. தண்ணி குடுத்தேன், குடிச்சுட்டு டம்ளரை அவரே கழுவி வச்சார். அப்பறம் மெதுவா ஆரம்பிச்சார்.

"ஏனுங் அம்மணி, அந்த மூணாவது போரு ஷீட்டுல கடைசிக் கட்டம் காலியாத்தானுங்ளே இருக்குது?"

"ஆமாங்க."

"அன்னிக்கு ஸ்பீக்கர்ல போட்டுத்தானுங்க பேசுனாரு. கை பூராச் சேறு, போனைக் காதுல வைக்க முடியாதுன்னு நாந்தான் புடிச்சுக்கிட்டு நின்னேன்."

அவர் என் மூஞ்சியைப் பாக்காம ஜன்னலைப் பாத்துக்கிட்டே சொன்னார். "பேசி முடிச்சுப்போட்டுக் கையைத் தொடைச்சுட்டுப் பேனாவை எடுத்தாருங்க. கட்டத்துல வச்சாருங்க. அப்பறம் மூடி மறுபடி சட்டை ஜோப்புல சொருகிக்கிட்டாரு. எழுதலீங்களாண்ணே, நீங்க எழுதாம உட மாட்டீங்ளேன்னு கேட்டேனுங்க. 'தங்கச்சி பேரை எழுதவா சொல்றே பாலு? படிச்ச புள்ளை, நாளைக்கு நாலு பேரு முன்னால அதுக்குத் தலைக்குனிவு ஆகிப்போச்சுன்னா? ஒண்ணும் ஆகாது, வா'ன்னாருங்க."

அவ்வளவுதான். அவர் என்னை ஒரு வார்த்தை குத்தம் சொல்லல. "நான் யார்கிட்டயும் பேசலீங்க. உங்க குடும்பத்து விசயம். ஆனா அண்ணன் பேரு கெட்டுக் கெடக்குதுங்க, அதைக் கேக்கறப்ப எனக்குச் சோறு எறங்கலீங்க"ன்னுட்டுச் செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டார். நான் சோறு எறங்கலன்னு சொன்னதுக்கும் அவர் சொன்னதுக்கும் எத்தனை வித்தியாசம் பாருங்க.

இருபது வருசத்துல ஒரே ஒரு தடவை உங்க விதியை மீறுனீங்க. எனக்காக. அந்தக் காலிக் கட்டத்துக்குள்ள போய் நான் ஒளிஞ்சுக்கிட்டேன். ஏனுங்ணா அப்படிப் பண்ணுனீங்க? எழுதித் தொலைச்சிருக்கலாமே. இந்தக் கோபத்தை நான் யார்கிட்டப் போய்க் காட்டறது?

அன்னிக்குச் சாயங்காலமே கோபிக்குப் போனேன். அண்ணி அடுப்புல அரிசீம்பருப்பு வச்சிருந்தாங்க. நின்ன வாக்குல எல்லாத்தையும் சொன்னேன். அவங்க திரும்பல. குக்கர் மூணு விசில் வர்ற வரைக்கும் திரும்பல. அப்பறம் தட்டுல போட்டு, நெய் ஊத்தி, முன்னால வச்சுட்டுக் கேட்டாங்க.

"ஏன் அம்மணி, அவரு உசுரோட இருந்திருந்தா அந்த மீட்டிங்ல என்ன சொல்லியிருப்பே?"

"நான் ஒண்ணும் சொல்ல வேண்டி இருந்திருக்காதுங்க அண்ணி. அவரே என் தப்புதானுங்கன்னு சொல்லியிருப்பாரு."

"அப்பவும் நீ பேசாமத்தான் இருந்திருப்பே."

தட்டை என் பக்கம் தள்ளுனாங்க. "சாப்புடு. சாப்பிட்டுட்டுக் கெளம்பு, இனி கொஞ்ச நாளைக்கு இக்கட்ட வராதே"ன்னாங்க. கோபத்துலயும் சோறு போட்டுத்தான் வெரட்டுனாங்க. மூணு வாரம் என் போனை எடுக்கல.

மறுநாள் காலையில சரிபாக்கற அம்மாவுக்கு மெயில் எழுதுனேன். மாதிரி எடுக்க வேண்டாம்னு சொன்னது நான், ரெண்டாவது துளை நம்பரைத் தூக்கி வச்சது நான், கால் எறங்கிக்கிட்டே போகுதுன்னு டிரில்லர் எச்சரிக்கை பண்ணினதைக் காதுல வாங்காதது நான். நாலே வரி. அனுப்பற பட்டனைத் தட்ட ஒரு மணி நேரம் ஆச்சு. அந்த அம்மா போன்ல கூப்பிட்டு, "இதை அன்னிக்கே சொல்லியிருக்கணும்"னாங்க. "ஆமாங்க"ன்னேன். "இப்பவாவது சொன்னீங்க, மேடை கட்டறதுக்கு முன்னால"ன்னாங்க. கம்பெனி என்கிட்ட இருந்து வேலையைப் பிடுங்கி வேற ஆபீசுக்குக் குடுத்துருச்சு. அது நியாயம்தான். உங்க ரிக் பேரைத் திரும்பப் பட்டியல்ல சேத்து, மூணாவது துளையை மறுபடி போடற வேலையை அண்ணிக்கே குடுத்தாங்க. அதுவும் நியாயம்.

போன மாசியில, கடல் அடங்கின சமயம், அண்ணி அவங்களாவே போன் பண்ணுனாங்க. "பாலு டிரில் பண்ணுவாரு. ஷீட்டு எழுத ஆள் வேணும். உங்கண்ணன் நின்ன எடத்துல நின்னு எழுதறதுக்கு உனக்குத் தெம்பு இருக்குதா?"

போனேங்ணா. கையெழுத்துப் போட இல்ல, வெறும் எழுதற ஆளா. வாந்தியில உங்களை நான் ஜெயிச்சுட்டேன், நாலு நாள். பாலு ராடு மாட்டிக்கிட்டே "அண்ணனே தேவலாம் போங்க"ன்னு சிரிச்சார். பார்ஜோட கால் சேத்துல எறங்கறதை என் கண்ணால பாத்தேன். எறங்குச்சு, எறங்குச்சு, எறங்கிக்கிட்டே இருந்துச்சு. அட கெரகமே, இதையா நீங்க அன்னிக்குச் சொன்னீங்க!

இந்தத் தடவை உள்ளேயிருந்து இழுத்துப் பிடிக்கற வேற சாதி ட்யூப் கொண்டு போயிருந்தோம். அதுலயும் முதல் ரெண்டு தடவை நழுவுச்சு. மூணாவதுல சேறு வந்தது, சாம்பல் கலர்ல, கத்தி வச்சா தானா வழியற மாதிரி. பதினோரு மீட்டரும் ஒண்ணரை ஒண்ணரை மீட்டரா எடுத்தோம். அரை நாள் கேட்டீங்களே, சரியா அரை நாள்தான் ஆச்சு.

புது ஆபீஸ்காரங்க கணக்குப் போட்டு அனுப்பினதை அந்த அம்மா எனக்கும் காட்டுனாங்க. நான் போட்டதை விட ஆட்டம் ரொம்பப் பெருசு, கம்பத்தோட தாளத்துக்குப் பக்கத்துலயே வந்து நிக்குது. கம்பத்தையும் மேடையையும் நாலாவது துளைப் பக்கம் நகத்தறாங்க, அங்க சேறு ஒரு முழம்தான். ஸ்பேனர் பிடிக்கப் போற அந்த ரெண்டு பேர் யாருன்னு எனக்குத் தெரியாது. அவங்களுக்கும் உங்களைத் தெரியாது. தெரியணும்னுதான் எனக்கு ஆசை.

கடைசியா ஒண்ணு. கரைக்கு வந்து, அண்ணி முன்னால, பழைய ஷீட்டைப் பிரிச்சேன். உங்க எழுத்துல எதையும் அழிக்கல. "மேமண், சேறு, 11 மீ, கேசிங்". அதுக்கு நேரா, ஒரு வருசமா காலியாக் கெடந்த அந்தக் கட்டத்துல, "யார் சொல்லி"ங்கறதுக்குக் கீழ, என் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்னிக்கு நீங்க ஜோப்புல சொருகிக்கிட்ட அதே பேனாதான், அண்ணி பீரோவுல வச்சிருந்து எடுத்துக் குடுத்தாங்க. முதல்ல எழுதல, ரெண்டு தடவை ஒதறி, கிறுக்கிப் பாத்துத்தான் மசி எறங்குச்சு. அண்ணி அந்த ஷீட்டை வாங்கி ரெண்டு தடவை படிச்சுட்டு, முதல் தடவையா உங்க நாற்காலியில உக்காந்தாங்க.

வாக்கு ஒண்ணு குடுக்கறேன். இனி என் வாயில இருந்து வர்ற எந்த "வேண்டாம், விடுங்க"வுக்கும் பக்கத்துல என் பேர் இருக்கும். யார் எழுதலைன்னாலும் நானே கேட்டு வாங்கி எழுதுவேன். நீங்க இனி ஒருக்காலும் எனக்காக ஒரு கட்டத்தையும் காலியா விட வேண்டியதில்லீங்ணா.

உங்க கல்யாணத்துல, இணைச்சீர்ச் சடங்குக்கு, ஒரே சேலையோட ஒரு தலைப்பு உங்ககிட்டயும் மறு தலைப்பு என்கிட்டயும் இருக்க, உங்க பக்கத்துல உக்காந்திருந்த,

உங்க தங்கச்சி,
கோகிலா